கோடைக் கூடலுக்கு ஆட்டம் தெரிந்தெடுத்தல்

சித்திரை பிறந்து பள்ளிக்கூடக் கதவுகள் சாத்தப்பட்டதும், பெங்களூரிலிருந்து ஒரு குடும்பமும் திருச்சியிலிருந்து ஒரு குடும்பமும், சில வருஷங்களில் சிங்கப்பூரிலிருந்து இன்னொரு குடும்பமும், மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ அடையாற்றிலோ இருக்கும் தாத்தா வீட்டில் வந்து இறங்கிவிட, அதுவரை மூன்று பேர் புழங்கிக்கொண்டிருந்த கூடத்தில் பதினான்கு பேருக்குப் பாய் விரிக்க நேர்வது நம் பட்டணத்தில் ஆண்டுதோறும் நடக்கிற விஷயம். காலைப் பொழுதைப் பற்றிக் கவலையில்லை; குளிப்பதற்கு முறை வைத்துக்கொண்டு காத்திருப்பதிலேயே அது கழிந்துவிடும். மாலைப் பொழுதை எலியட்ஸ் கடற்கரையும் பாண்டி பஜாரும் பார்த்துக்கொள்ளும். சாப்பாட்டு இலை எடுத்த பிறகு, வெயில் தாழ்ந்து வாசலில் கால் வைக்கலாம் என்கிற நிலை வரும்வரை உள்ள அந்த நாலு மணி நேரம்தான், அதுவும் கத்திரி உக்கிரமாக இருக்கும் வைகாசி முற்பாதியில், வீட்டுக்காரரின் சாமர்த்தியத்தைச் சோதிப்பது. அந்த நாலு மணி நேரத்துக்காகவே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது.

இப்போது கடைகளில் ‘தீம்’ உள்ள ஆட்டம் என்று சொல்லி விற்கிறார்கள். நாம் அதைக் கதையுள்ள ஆட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். பெட்டியின் மூடியில் கடற்கொள்ளைக்காரன் படத்தைக் கண்டு ஒன்றும், டைனோசர் படத்தைக் கண்டு மற்றொன்றுமாக இரண்டு பெட்டிகளை ஆசையோடு வாங்கிவந்து பிரித்துப் பார்த்தால், இரண்டும் பகடையை உருட்டிக் கட்டத்தை எண்ணி நகர்த்துகிற ஒரே ஆட்டமாக இருப்பது எத்தனையோ பேருக்கு நேர்ந்த அனுபவம். கதை மூடியில் இருக்கிறதா, விதியில் இருக்கிறதா என்று பார்ப்பதே தெரிந்தெடுத்தலின் முதற்படி. அதற்கு ஒரு சுலபமான உபாயம் உண்டு: படத்தையெல்லாம் மறந்துவிட்டு, விதியை மட்டும் ஒரு குழந்தைக்கு வாயால் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போதே “அப்புறம் என்ன ஆகும்?” என்று அக்குழந்தை கேட்குமானால் அந்த ஆட்டத்தில் கதை இருக்கிறது. “எத்தனை கட்டம் போகணும்?” என்று மட்டும் கேட்குமானால் இல்லை.

இந்தச் சோதனையில் முதன்மையாகத் தேறுவது, ஒரு காசும் செலவில்லாத ஆடு புலி ஆட்டம். ஒரு முக்கோணமும் அதைக் குறுக்கே வெட்டும் சில கோடுகளும், அவை சந்திக்கும் இருபத்து மூன்று புள்ளிகளும், மூன்று புலியும் பதினைந்து ஆடும் – இவ்வளவே அதன் சாமான். புலி, பக்கத்துப் புள்ளியில் நிற்கும் ஆட்டைத் தாண்டி அப்பால் காலியிடம் இருந்தால் பாய்ந்து அதைத் தின்றுவிடும்; ஆட்டுக்கோ யாரையும் வெட்டும் பலமில்லை, ஒன்றோடொன்று நெருங்கி நின்று புலி நகர வழியில்லாமல் அடைப்பதுதான் அதனுடைய ஆயுதம். பதினைந்து ஆடுகளும் பலகையில் இறங்கி முடியும்வரை ஓர் ஆடுகூட இடம் பெயரக் கூடாது என்ற விதியில், முதலில் அவசரப்பட்டு வைத்த ஆட்டை எண்ணிப் பிறகு வருந்துகிற மனுஷ சுபாவமே அடங்கியிருக்கிறது. படம் ஏதும் இல்லாமலே மந்தையும் பயமும் பதுங்கலும் கண்முன் வந்துவிடுகின்றன. பழைய கோயில் மண்டபங்களின் கற்றளத்தில் யாரோ ஓய்வாகப் பொறித்துவைத்த ஆட்டக் கோடுகளை இன்றும் பார்க்கலாம். உத்ஸவத்துக்கு வந்தவர்களுக்கும் நண்பகலைக் கழிக்க வேண்டியிருந்திருக்கும். இருவர் ஆட்டமாயிற்றே, பதினான்கு பேருக்கு எப்படிக் காணும் என்று கேட்கலாம். புலிப் பக்கத்தை ஒரு மாமாவிடமும், ஆட்டுப் பக்கத்தைக் குழந்தைகள் ஐந்து பேரிடமும் ஒப்படைத்துவிடுங்கள். ஆட்டுக் கூட்டத்துக்குள் நடக்கும் மந்திராலோசனையே ஆட்டத்தின் சுவாரஸ்யத்தில் முக்காற்பங்கு. ஒரு யோசனை மட்டும்: சிவப்புச் சிமெண்டுத் தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்ட காலம் போய்விட்டது, இன்றைய வழவழப்பான டைல்ஸில் சாக்குக்கட்டி பிடிக்காது. சார்ட் தாளில் வரைந்துகொள்வது உத்தமம்.

அடுத்தது பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்கென்று மார்கழியில் ஆடப்படும் ஆட்டத்தை வைகாசியில் எடுத்து விரிப்பதாவது என்று பாட்டிமார் ஆட்சேபிக்கக்கூடும். ஆனால் தூங்காமல் இருக்க உதவுவது தூக்கம் வரும் பகலுக்கும் உதவாதா என்று நயமாகக் கேட்டால் பெரும்பாலும் இணங்கிவிடுவார்கள். ஆங்கிலேயர்கள் இந்நாட்டிலிருந்து எடுத்துச் சென்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தங்கள் குழந்தைகளுக்காக நூறு கட்டமாக்கித் திருப்பித் தந்த பாம்பும் ஏணியும் என்ற ஆட்டத்தின் இன்றைய பெட்டிகளில் பாம்பு வெறும் பாம்பு, ஏணி வெறும் ஏணி. நம்முடைய படத்திலோ ஏணிக்கு ஒரு நற்குணத்தின் பெயரும், பாம்புக்கு ஒரு துர்க்குணத்தின் பெயரோ அசுரனின் பெயரோ உண்டு; உச்சியில் பெருமாள் காத்திருக்க, அதற்குச் சற்று முன்னால் ஒரு பெரும்பாம்பு வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். ஆகவே, காய் இறங்கும்போதெல்லாம் அந்தப் பெயருக்குரிய கதையைத் தெரிந்தவர் சொல்ல வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டால், பகடையில் எந்தத் திறமைக்கும் இடமில்லாத இந்த ஆட்டம் முழுப் பிற்பகலையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பாட்டி பலகைப் பக்கமே பாராமல் ஊஞ்சலில் இருந்தபடியே கலந்துகொள்ளக்கூடிய ஆட்டம் இதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியாது.

கதையோடு ஆட்டத்தைக் கூட்டுவது நம் பக்கத்தில் புதிய யோசனையல்ல. தசாவதார கஞ்சிஃபா என்ற வட்டச் சீட்டுக்கட்டில் அவதாரத்துக்குப் பன்னிரண்டாக நூற்றிருபது சீட்டுகள் உண்டு. மைசூரை ஆண்ட மும்மடி கிருஷ்ணராஜ உடையார் புதுப்புதுப் பலகை ஆட்டங்களைத் தாமே வகுத்துத் தந்தவர். ராஜ்ய நிர்வாகம் பிரிட்டிஷார் கைக்குப் போன பின் அவருக்கு அவகாசம் நிறைய இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தாயத்தைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை. ஒன்று விழுந்தால் தாயம், இரு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவற்றுக்கு மறு ஆட்டம். ஒரு காயையாவது வெட்டாதவன் உள்ளே போய்ப் பழம் எடுக்க முடியாது என்பது பல வீடுகளின் கட்டுப்பாடு. இதில் கதை சொற்பம், பழிவாங்கல் ஏராளம். பித்தளைத் தாயக்கட்டை தரையில் விழும் சப்தம் கீழ் வீட்டுக்காரரின் பகல் உறக்கத்தைக் கெடுக்குமாதலால், அடுக்கு மாடிக் குடியிருப்பில் உள்ளவர்கள் ஜமக்காளம் விரித்து ஆட வேண்டும். அல்லது புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பல்லாங்குழியில் மட்டும் ஒரு விசேஷம்: அசோகவனத்தில் சீதை தனியே ஆடியதாகச் சொல்லப்படும் சீதைப் பாண்டி. கூட்டத்தில் சேராமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணின் முன்னால், ஒன்றும் பேசாமல், ஒரு பல்லாங்குழிப் பலகையையும் ஒரு கிண்ணம் சோழியையும் வைத்துவிட்டு வாருங்கள். அவளாகவே ஆடத் தொடங்குவாள். அரைமணியில் யாராவது எதிரே வந்து உட்காருவார்கள்.

இனி, ஒவ்வொரு வீட்டு அலமாரியின் மேல்தட்டிலும் ஓரம் கிழிந்த பெட்டியில் கிடக்கும் வியாபார ஆட்டத்துக்கு வருவோம். நகரங்களை விலைக்கு வாங்கி, வந்து நிற்பவரிடம் வாடகை வசூலிக்கும் இந்த ஆட்டத்தின் பூர்வீகம் சுவையானது. எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி, நிலத்தைச் சிலர் மட்டும் வளைத்துப்போடுவதன் கொடுமையை ஜனங்களுக்கு உணர்த்துவதற்காகவே 1904-இல் இதன் மூல ஆட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1935-இல் ‘மோனோபொலி’ என்ற பெயரில் அது பெரிய அளவில் விற்பனைக்கு வந்தபோது, வளைத்துப்போடுவதே ஆனந்தம் என்றாகிவிட்டது. 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்டு உண்டாக்கிய தியாகராய நகரில் உட்கார்ந்துகொண்டு இந்த ஆட்டத்தை ஆடுகிறவர்களுக்கு அதன் விதிகளை அதிகம் விளக்க வேண்டியதில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம். கதை விதியிலேயே ஊறியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஊறியது அளவுக்கு மிஞ்சிப்போனதுதான் கஷ்டம். முதல் ஒரு மணியில் திவாலான பையன் மீதி மூன்று மணி நேரமும் மற்றவர்கள் பணம் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு கோடையில் இரண்டு சகலைகளுக்குள், பம்பாயை அடமானம் வைத்தது செல்லுமா செல்லாதா என்று தொடங்கிய விவகாரம், எப்போதோ நடந்த ஒரு நகைச் சீட்டு வரைக்கும் போய், மாலைக் காபி இருவருக்கும் தனித்தனி அறையில் கொடுக்கப்பட்டது. ஆகவே கடிகாரத்தில் ஒன்றேகால் மணி வைத்துக்கொண்டு ஆடுங்கள். மணி அடித்ததும் கையிருப்பையும் நகரங்களின் விலையையும் கூட்டி, அதிகம் வைத்திருப்பவர் ஜெயித்தார் என்று எழுந்துவிடுங்கள்.

சதுரங்கத்தை நான் இந்தப் பட்டியலில் சேர்க்காதது அவமரியாதையால் அல்ல. 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் பூசிய ஊர் இது. 2024-இல் பதினெட்டு வயதுக் குகேஷ் உலகப் பட்டம் வென்ற பிறகு, சதுரங்கம் தெரியாத பேரன் உள்ள வீடு இங்கே அபூர்வம். ஆனால், அது மௌனத்தை வேண்டுகிற ஆட்டம். பதினான்கு பேர் உள்ள கூடத்தில் மௌனத்தை எங்கே போய்த் தேடுவது?

வெளிநாட்டுப் பெட்டிகளைச் சிங்கப்பூர் மாப்பிள்ளைகள் கொண்டுவந்து இறக்குகிறார்கள். அவற்றில் நல்லவை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 2004-இல் ஆலன் மூன் என்பவர் வகுத்த ‘டிக்கெட் டு ரைட்’ என்ற ரயில் ஆட்டம் அத்தகையது: ஊருக்கு ஊர் இருப்புப்பாதை போட்டு, கையிலுள்ள சீட்டில் குறித்த பிரயாணத்தை முடிக்க வேண்டும், எட்டு வயதுக் குழந்தைக்குப் பத்து நிமிஷத்தில் புரிந்துவிடும், ஐந்து பேர்வரை ஆடலாம். ஆயினும் அதன் மூலப் பலகை வட அமெரிக்காவின் வரைபடம். எங்கள் வீட்டில் அதை விரித்தபோது, நாற்பது வருஷம் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடித்தனம் பண்ணிய என் பெரியம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்து, “இதிலே கும்பகோணம் எங்கேடா இருக்கு?” என்று கேட்டார். இல்லை என்று தெரிந்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகுதான் இதே ஆட்டத்துக்கு 1911-ஆம் வருஷத்து இந்தியாவின் வரைபடமும் தனியே கிடைக்கிறது என்று தெரிந்தது. கதை நல்லதாக இருந்தால் போதாது. கூடத்தில் இருப்பவர்கள் அதற்குள் நுழைய ஒரு வாசல் வேண்டும்.

வாசல் இருந்தும் நுழைய வேண்டாத கதையும் உண்டு. ‘பேண்டமிக்’ என்று 2008-இல் வெளிவந்த ஓர் ஆட்டம். ஆடுகிறவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிடாமல், எல்லோரும் ஒரே கட்சியாகச் சேர்ந்து உலகெங்கும் பரவும் தொற்று நோய்களை அடக்க வேண்டும். சேர்ந்தே ஜெயிப்பதும் சேர்ந்தே தோற்பதுமாதலால் சகலைகள் இருவரையும் ஒரே பாயில் உட்கார வைக்க இதைவிடச் சிறந்த சாதனம் கிடையாது என்று நினைத்து ஒருமுறை அதை எடுத்து வந்தேன். பெட்டியைத் திறந்த பிறகுதான், 2021-இன் கோடையில் அந்த வீட்டிலிருந்து போன ஒருவரின் படம் சுவரில் மாலையோடு இருப்பது நினைவுக்கு வந்தது. பெட்டி மறுபடி மூடப்பட்டது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆட்டம் வாங்கப் புறப்படுமுன், அந்த வருஷம் வருகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக மனத்தில் நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் பெரிதானால் நான் சிபாரிசு செய்வது ‘கோட்நேம்ஸ்’ என்ற சொல்லாட்டம். 2015-இல் செக் நாட்டுக்காரர் ஒருவர் வகுத்தது. இதைக் காசு கொடுத்து வாங்காமல் தமிழிலேயே செய்துகொள்ளலாம் என்பது மட்டுமல்ல, தமிழில் ஆடும்போது மூலத்தைவிடச் சுவை கூடுகிறது என்பது என் துணிபு. இருபத்தைந்து சீட்டுகளில் சொல்லுக்கு ஒன்றாக எழுதி, ஐந்துக்கு ஐந்தாகப் பரப்ப வேண்டும். இரண்டு கட்சி; கட்சிக்கொரு தலைவர். எந்தச் சொல் யாருடையது என்று காட்டும் ஒரு சிறு கட்டப்படம் தலைவர்களிடம் மட்டும் இருக்கும்: முதலில் ஆரம்பிக்கும் கட்சிக்கு ஒன்பது, மற்றதற்கு எட்டு, யாருக்கும் சேராதவை ஏழு, தொட்டால் தோல்வி என்ற விஷச் சொல் ஒன்று. தலைவர் ஒரே ஒரு குறிப்புச் சொல்லும் ஓர் எண்ணும் சொல்ல, அதைக்கொண்டு கட்சியார் தங்கள் சொற்களைக் கண்டுபிடிக்க வேண்டும். சீட்டில் எழுதும் சொற்களைத்தான் யோசித்துப் பொறுக்க வேண்டும். ஆறு, மாலை, திங்கள், படி, அணி, நகை, திரை, கல் என்று இரண்டு மூன்று பொருள் தரும் சொற்கள் நம் பாஷையில் குவிந்து கிடக்கின்றன. தலைவர் “கழுத்து, இரண்டு” என்றால் மாலையும் நகையும் என்று ஊகிப்பது எளிது. “கோயில், மூன்று” என்றால் படியா, மாலையா, திரையா, கல்லா, நாலும் பொருந்துகிறதே என்று தொடங்குகிற தர்க்கத்தில், தமிழ் பேச மட்டும் தெரிந்த பெங்களூர்க் குழந்தைகளும், எழுத்துக் கூட்டி வாசிக்கிற சிங்கப்பூர்க் குழந்தைகளும் தங்களை அறியாமலே பாஷைக்குள் இழுக்கப்படுகிறார்கள். திங்கள் என்பதற்கு நிலவு என்றும் பொருள் உண்டு என்பதை, ‘மண்டே’ என்று மட்டும் அறிந்திருந்த ஒரு பெண் தோற்றுப்போனதனால் கற்றுக்கொண்டாள். அவள் அதை மறக்கப்போவதில்லை. சீட்டுகளில் பத்துக்கு மயிலாப்பூர்ச் சரக்கை எழுதிவைத்தால் – தேர், குளம், மயில், கொலு, பறக்கும் ரயில் என்பன போல – கதையும் கூடவே வந்துவிடுகிறது.

கைவேலையில் ஆசையுள்ள குழந்தைகள் இருந்தால், வந்த முதல் நாளே அவர்களைக்கொண்டு ஒரு பேட்டைப் பரமபதம் செய்யச் சொல்லலாம். கடையில் விற்கும் பெரிய சார்ட் தாள் இருபத்தெட்டுக்கு இருபத்திரண்டு அங்குலம். இரண்டு அங்குலக் கட்டமாகப் பத்துக்குப் பத்து போட்டால் ஓரத்தில் பெயர் எழுதவும் இடம் இருக்கும். எங்கள் வீட்டுப் படத்தில் பெரிய ஏணி திருமயிலை நிலையத்துப் பறக்கும் ரயில். லஸ் மூலையில் மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளம் ஒரு பாம்பு. ரங்கநாதன் தெருவில் தீபாவளிக் கூட்டம் ஒரு பாம்பு. தண்ணீர் லாரி வராத காலை ஒரு பாம்பு. பங்குனி உத்ஸவத்து நீர்மோர் ஓர் ஏணி. திடீரென்று வீசிய கடற்காற்று மற்றோர் ஏணி. உச்சிக் கட்டத்தில் யாரை வைப்பது என்று பெரிய வாக்குவாதம் நடந்து, கடைசியில் குளிர்சாதன அறை என்று தீர்மானமாயிற்று.

வாங்குவதற்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. பல்லாங்குழியும் தாயக்கட்டையும் பரமபதப் படமும் மயிலாப்பூரில் கபாலி கோயிலை அடுத்த கிரி டிரேடிங் போன்ற கடைகளில் கிடைக்கும். நவராத்திரிக்கு முன் வடக்கு மாட வீதி நடைபாதையில் பொம்மை பரப்பும் காலத்தில் இன்னும் நன்றாகப் பார்த்து வாங்கலாம், ஆகையால் கோடைக்கு வேண்டியதைப் புரட்டாசியிலேயே வாங்கி வைப்பவரே விவேகி. விநிதா சித்தார்த் என்ற சென்னைப் பெண்மணி தொடங்கிய கிரீடா நிறுவனம் பழைய ஆட்டங்களை விதிக்குறிப்போடு புதிய பெட்டிகளில் தருகிறது; விதி தெரிந்த பாட்டி இல்லாத வீட்டுக்கு அது மிகவும் பிரயோஜனம். பல்லாங்குழிப் பலகையை வாங்கும்போது குழிக்குள் விரலை விட்டுச் சுழற்றிப் பாருங்கள். நான்கு விரலால் முத்தை வழித்து அள்ள முடியாத ஆழமில்லாக் குழி, அலமாரிக்கு அழகே தவிர ஆட்டத்துக்கு ஆகாது.

மின்விசிறியைப் பற்றி எந்த விதிப் புத்தகமும் எச்சரிப்பதில்லை. காகிதப் பணமும் மெல்லிய சீட்டும் உள்ள எந்த ஆட்டமும், மே மாசத்தில் விசிறி ஐந்தில் சுழலும் நம் கூடங்களுக்கு லாயக்கில்லை. விசிறியைக் குறைத்தால் மனிதர்கள் தாங்கமாட்டார்கள், குறைக்காவிட்டால் கல்கத்தா கட்டிலுக்கு அடியில் போய்விடும். சோழி, புளியங்கொட்டை, மரக்காய், பித்தளை – இவற்றை வைத்து நம் முன்னோர்கள் ஆடியதற்கு விசிறி காரணமில்லை என்றாலும், பலன் நமக்கு. மாம்பழம் நறுக்கிய தட்டும் சீட்டுக்கட்டும் ஒரே பாயில் இருக்கக் கூடாது. பங்கனப்பள்ளிச் சாறு பட்ட சீட்டை முதுகைப் பார்த்தே எல்லோரும் அடையாளம் சொல்லிவிடுவார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்காகப் பலகையை ஒரு ஸ்டூலின் மேல் வைத்து, குழந்தைகளை முக்காலியிலும் பெரியவர்களை நாற்காலியிலும் உட்கார வையுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் காய்களை எண்ணிப் போடும் பொறுப்பைத் தோற்றவரிடம் கொடுப்பது வழக்கம். ஜெயித்தவரிடம் கொடுப்பதே மேல், அவருக்குத்தான் அப்போது மனம் நிதானமாக இருக்கும். அப்படியும் ஒன்று இரண்டு தொலையும். அதற்காகப் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எங்கள் வீட்டு ஆடு புலிப் பையில் இரண்டு புலிகள் பித்தளை. மூன்றாவது, பன்னிரண்டு வருஷமாக ஒரு கொட்டைப்பாக்கு. அந்தப் புலியை எடுத்துக்கொள்ளத்தான் குழந்தைகளுக்குள் போட்டி.